வித்தியாசாகரர் எழுதிய முதற்புத்தகம்

பாலர் வகுப்பிலே ஒரு பிள்ளை கரும்பலகையிலுள்ள எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிழையறச் சொல்லிவிட்டு, அவற்றைக் கூட்டி ஒரு சொல்லாக வாசி என்றவுடனே வாய்திறவாது ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நிற்றலை எம் அன்பர்கள் பலகாலுங் கண்டிருப்பர். எழுத்தறிந்த பிள்ளைக்குச் சொல் ஏன் வரவில்லை? மந்தபுத்தி என்று சொல்லி அப்பாற் போதல் எளிது. எம் முன்னோர் காலத்துத் திண்ணைப்பள்ளிகளிலே அகரத்தை ஆனா என்றும், ஆகாரத்தை ஆவன்னா என்றும், டுகரத்தை டூனா என்றும் பெயரிட்டு ஓதுவித்தனர். ஆவன்னாவையும் டூனாவையும் எத்தனைமுறை கூட்டினாலும் ஆடு என்னுஞ் சொல் பிறவாது. பிள்ளை கற்றது எழுத்தின் பெயர். வாசிப்புக்கு வேண்டுவது எழுத்தின் ஒலி.

இவ்விடர்ப்பாட்டைத் தம் தாய்மொழியிலே கண்டு, அதனை நீக்குதற்கு ஒரு சிறு புத்தகம் எழுதி, எழுதி இருபது வருடஞ் சென்ற பின்னும் அதனைத் திருத்திக்கொண்டிருந்தவர் ஒருவர் வங்கதேசத்தில் இருந்தார். ஈசுவரசந்திர வித்தியாசாகரர் என்னும் அவர் பெயர், கைம்பெண்களின் மறுமணத்துக்கு 1856ஆம் ஆண்டிலே சட்டம் பிறத்தற்குக் காரணராயிருந்தமையால் பாரததேசம் முழுவதும் பரந்தது. அச்செயலை யாம் இங்கே விரித்தெழுதப் புகுந்திலேம். கல்லூரித் தலைவராய் வீற்றிருந்த மகாபண்டிதர் ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளையின் முதற்பாடத்தைத் தமக்குரிய வேலையாக எடுத்துக்கொண்ட வரலாற்றையே சொல்லக் கருதினோம்.

அவர் 1820ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் தேதி, மேதினிபூர்ப் பக்கத்துள்ள வீரசிங்கம் என்னுங் கிராமத்திலே, வறிய அந்தணக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் தாகுர்தாசர், தாயார் பகவதி தேவியார். தந்தையார் கல்கத்தாவிலே சொற்ப சம்பளத்துக்கு உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினவர். பிள்ளை பிறந்த அன்று, சந்தைக்குச் சென்று மீண்ட தாகுர்தாசரை வழியிலே எதிர்கொண்ட பாட்டனார், வீட்டிலே ஒரு காளைக்கன்று பிறந்திருக்கின்றது என்று சொல்ல, அவர் அதனை மெய்யென்று நம்பித் தொழுவத்தை நோக்கி நடந்தனராம். பாட்டனார் நகைத்து அவரைப் பிரசவ அறைக்கு அழைத்துச் சென்று குழந்தையைக் காட்டினார். அந்த விளையாட்டுச் சொல் பொய்யாகவில்லை. ஈசுவரசந்திரர் முரட்டுப் பிடிவாதமுள்ள சிறுவராகவே வளர்ந்தார். ஒன்றைச் செய் என்றாற் செய்யமாட்டார்; செய்யாதே என்றாற் செய்வார். தந்தையார் இத்தன்மையை அறிந்து, வேண்டியதற்கு எதிரானதையே கட்டளையிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்வர் என்று சொல்லுவர்.

ஐந்தாம் வயதிலே, காளிகாந்தர் என்பவர் அவ்வூரில் நடத்திய பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அக்காலத்து வங்கநாட்டுப் பாடசாலைகளின் நிலைமை, 1835ஆம் ஆண்டு தொடங்கி 1838ஆம் ஆண்டு வரையில் வில்லியம் ஆடம் என்பவர் அரசினருக்கு எழுதிய விசாரணை அறிக்கைகளால் நன்கு விளங்கும். பிள்ளைகள் முதலிலே தரையிலும், பின்பு பனையோலையிலும், அதன்பின் வாழையிலையிலும், ஈற்றிலே கடுதாசியிலும் எழுதிப் பழகினர். அச்சுப்புத்தகம் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. எழுதுதலும் கணக்குமே கல்வியாயிருந்தன. கையில் ஒரு புத்தகத்தை எடுத்து, முன் அறியாத ஒரு சொல்லைத் தானே ஒலித்து வாசித்தல் என்பது பிள்ளைக்கு நெடுங்காலஞ் சென்றே கைகூடியது. மணலில் எழுதி வளர்ந்த எம்மூர்ப் பெரியோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

1828ஆம் ஆண்டிலே தந்தையார் மகனை மேற்கல்வியின் பொருட்டுக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். நடந்து சென்ற வழி. பெருந்தெருவை அடைந்தபோது, தெருவோரத்திலே அம்மிபோலும் ஒரு கல் நட்டிருத்தலைச் சிறுவர் கண்டு, அம்மியை இங்கே நட்டவர் யார் என்று வினாவினார். அது அம்மியன்று, மைல்கல் என்றும், அதில் வெட்டியிருப்பது பத்தொன்பது என்பதைக் காட்டும் ஆங்கில இலக்கம் என்றும் தந்தையார் விளக்கினார். அன்று தொடங்கிக் கல்லுக்குக் கல் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த சிறுவர், பத்து என்னுங் கல்லின் அருகே வந்தபோது ஆங்கில இலக்கங்கள் அனைத்தும் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். தந்தையார் சோதித்தார். ஒன்பது, எட்டு, ஏழு என்று சிறுவர் பிழையின்றிச் சொன்னார். ஆயினும் தந்தையாருக்கு ஐயம் நீங்கவில்லை. ஒன்பதின்பின் எட்டும், எட்டின்பின் ஏழும் வரும் என்று வரிசையைக் கொண்டு சொல்லுகின்றானோ, உருவத்தைக் கண்டு சொல்லுகின்றானோ என்பதே அவ்வையம். ஆதலால் ஆறாங் கல் வரும்போது பேச்சுக்கொடுத்து அதனை மறைத்துவிட்டு, ஐந்தாங் கல்லைக் காட்டினார். சிறுவர் அதனைப் பார்த்து, இங்கே ஆறு இருத்தல்வேண்டும். கல் வெட்டினவன் தவறி ஐந்து என்று வெட்டிவிட்டான் என்றார்.

இக்கதையைப் பலர் அவருடைய கூர்மதிக்குச் சான்றாக எடுத்துச் சொல்லுவர். எமக்கோ தந்தையாருடைய சோதனையே பெரிதாகத் தோன்றுகின்றது. அரிச்சுவடியை முதலிலிருந்து முடிவுவரையில் பாட்டாகப் பாடும் பிள்ளை எழுத்தறிந்த பிள்ளையென்று எண்ணி ஏமாறாத ஆசிரியர் சிலரே. நடுவில் ஓரெழுத்தைத் தொட்டுக் கேட்டால், முதலிலிருந்து பாடிவந்தே அதனைச் சொல்லும். கல்வியிற் சிறந்தவரல்லாத ஓர் ஏழைத் தந்தை நடுத்தெருவிலே இதனை உணர்ந்து, வரிசையைக் குலைத்துப் பார்த்தார். பிற்காலத்திலே மகனார் எழுதிய புத்தகத்தில், நெடுங்கணக்கை அடுத்து அவ்வெழுத்துக்களையே வரிசைமாற்றி அச்சிட்ட சோதனைப் பக்கம் ஒன்று உண்டு. மைல்கல்லை நினைந்துதான் அதனை அமைத்தார் என்று யாம் துணிந்து சொல்லமாட்டோம். ஆயினும் அப்பக்கத்தைக் காணுந்தோறும் அந்தத் தெரு எமக்கு நினைவுக்கு வருகின்றது.

1829ஆம் ஆண்டிலே கல்கத்தாச் சமஸ்கிருதக் கல்லூரியிற் சேர்ந்து, பன்னிரண்டு வருடங் கற்றார். சமையல்வேலையும் அவர்மேலதாயிருந்தது, அடுப்பங்கரையிலும் புத்தகத்தை விட்டாரல்லர். இலக்கணம், காவியம், அலங்காரம், வேதாந்தம், தர்மசாஸ்திரம், நியாயம் என்பவற்றிலே தேறி, 1839ஆம் ஆண்டிலே வித்தியாசாகரர் என்னும் பட்டம் பெற்றார். 1841ஆம் ஆண்டு டிசெம்பரிலே வில்லியம் கோட்டைக் கல்லூரியிலே தலைமைப் பண்டிதரானார். அங்கே அவரிடம் வங்கமொழி கற்றவர் சீமையிலிருந்து வந்த உத்தியோகத்தர். முதிர்ந்த மாணாக்கர் ஒரு புதிய எழுத்தின் முன்னே குழந்தைபோல் இடர்ப்படுதலை அவர் ஆண்டுக்கணக்காக அருகிருந்து கண்டார்.

1847ஆம் ஆண்டிலே, தம் நண்பராகிய மதனமோகன தர்க்காலங்காரருடன் கூடிச் சமஸ்கிருத யந்திரம் என்னும் அச்சுக்கூடத்தை நிறுவினார். அதற்கு வேண்டிய பணம் கடனாகப் பெறப்பட்டது. மதனமோகனர் 1849ஆம் ஆண்டிலே, பெத்யூன் துரை கல்கத்தாவிலே தொடங்கிய பெண்பாடசாலைக்கென்று, சிசுசிக்ஷா என்னும் பாலர் புத்தகத்தை எழுதி வெளியிட்டார். அதன் நான்காம் பாகமாகப் போதோதயம் என்பதை வித்தியாசாகரர் 1851ஆம் ஆண்டிலே எழுதினார். அதே ஆண்டிலே சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவராகவும் உயர்ந்தார். வடமொழி இலக்கணத்தை வடமொழியாலேயே நெட்டுருப்பண்ணும் வழக்கத்தால் மாணாக்கர் பல வருடங்களை இழத்தலை அவர் தாமும் பட்டறிந்தவர். ஆதலால் வங்கமொழியிலே உபக்கிரமணிகை என்னும் எளிய இலக்கண நூலை இயற்றி அவ்வழக்கத்தை மாற்றினார். கடினமானதை மெல்லிய படிகளாகப் பகுத்தல் அவருக்கு இயல்பாயிற்று.

வர்ணபரிசயம் என்னும் முதற்புத்தகத்தின் முதற்பாகம் 1855ஆம் ஆண்டு ஏப்ரிலிலும், இரண்டாம் பாகம் அதே ஆண்டு யூனிலும் வெளிவந்தன. எழுத்துக்களோடு பழகுதல் என்பது அப்பெயரின் பொருள். அவ்வாண்டிலே தென்வங்காளத்துப் பாடசாலைகளுக்கு விசேட பரிசோதகராகவும் நியமனம் பெற்று, ஹூக்ளி, வர்த்தமானம், மேதினிபூர், நதியா என்னும் நான்கு மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஐந்தாக இருபது மாதிரிப் பாடசாலைகளைத் தொடங்கினார். அவற்றுக்கு ஆசிரியரைப் பழக்குதற்கு அட்சயகுமாரதத்தரைத் தலைமையாசிரியராகக் கொண்ட போதனாபாடசாலையும் திறக்கப்பட்டது. கிராமம் கிராமமாகப் பல்லக்கிற் செல்லும்போது அதனுள்ளிருந்தே வர்ணபரிசயத்தை எழுதினார் என்று சொல்லுவதுமுண்டு. பாடசாலையைத் திறந்து, ஆசிரியரையும் பழக்கிவிட்டுப் பிள்ளையின் கையில் வைத்தற்கு ஏற்ற புத்தகம் இல்லையாயின் அவ்வளவும் வீண் என்பதை அவர் அறிந்திருந்தார். வண்ணார்பண்ணையிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் தம்முடைய சொந்த அச்சியந்திரசாலையிலே பாலபாடங்களை அச்சிட்டு வெளியிடத் தொடங்கியதும் இக்காலத்தை ஒட்டியதே. வித்தியாசாகரர் நாவலரவர்களுக்கு இரண்டு வயது மூத்தவர்.

இனி அப்புத்தகத்தின் அமைப்பைச் சிறிது நின்று பார்ப்போம். வங்கமொழியில் அதுவரையில் உயிர் பதினாறும் மெய் முப்பத்துநான்குமாக ஐம்பது எழுத்தைக் கற்பித்து வந்தனர். வித்தியாசாகரர் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வடமொழி நெடுங்கணக்கிலுள்ளனவாயினும் வங்கமொழியில் வழங்காத இரண்டு நெட்டுயிர்களை நீக்கினார். அநுஸ்வாரமும் விசர்க்கமும் உயிராகா என்று மெய்யோடு சேர்த்தார். வடிவத்திலே ஒரு புள்ளியால் வேறுபட்டு ஒலியிலும் வேறுபடும் எழுத்துக்களைத் தனியெழுத்தாகக் கொண்டார். இரண்டு மெய் கூடியதாகிய க்ஷகாரத்தைத் தனியெழுத்து வரிசையினின்றும் விலக்கினார். இவ்வாறு உயிர் பன்னிரண்டும் மெய் நாற்பதுமாயின. வடமொழிக்கடலைக் கடந்தவர், வடமொழியின் வரிசையை வங்கக்குழந்தையின் வாய்க்கு ஏற்ப மாற்றத் துணிந்தமை சிறிய காரியமன்று. பிள்ளை பேசுகின்ற ஒலிக்கு எழுத்து. பேசாத ஒலிக்கு எழுத்து எதற்கு என்பதே அவர் கருத்தென்று யாம் கொள்ளுகின்றோம்.

எழுத்தின்பின் சொல். முதலிலே உயிர்க்குறி ஒன்றுஞ் சேராத இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள். அடுத்து ஆகாரக்குறி சேர்ந்த சொற்கள் மாத்திரம். அதன்பின் இகரக்குறி, ஈகாரக்குறி என்று ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு கூட்டம். எல்லாம் பழகியபின்னரே குறிகள் கலந்த சொற்கள். ஒரு படியிலே ஒரு புதுமைக்கு மேல் இல்லை. இரண்டு மெய் கூடிய கூட்டெழுத்து ஒன்றேனும் முதற்பாகத்தில் வராதபடி காத்தார். அவை அனைத்தும் இரண்டாம் பாகத்துக்கு உரியன. இவ்வரம்புக்குள் நின்று பொருளுள்ள வாக்கியங்களை ஆக்குதல் எத்துணை அரிது என்பதை, பாலர்க்குப் பாடம் எழுத முயன்ற ஆசிரியர் அறிவர். சொற்கூட்டங்கள் முடிந்தவுடனே மரம், தண்ணீர், பூ முதலாகப் பிள்ளை நாடோறும் காண்பனவற்றைப் பற்றிய இரண்டு சொற்றொடர்களும், பின் சிறுவாக்கியங்களும், பின் சிறுகதைகளும் வருகின்றன. மழை விழுதலையும் இலை அசைதலையும் பற்றிய அச்சின்னஞ்சிறு பாடமே தாம் கேட்ட முதற்கவிதை என்று இரவீந்திரநாத தாகூர் முதுமை நோக்கிய காலத்திலே நினைவுகூர்ந்தார்.

ஆயினும் நூலாசிரியர் மனம் நிறைவடையவில்லை. இருபது வருடங்களின் பின், அறுபதாம் பதிப்பின் முகவுரையிலே, பாடசாலைகளிற் கண்ட இரண்டு குறைகளை எடுத்துக் காட்டினார். முதலாவது, எம்மூர் ஆனா ஆவன்னாவை ஒத்தது. பிள்ளைகள் அகரத்தை அ என்று ஒலியாமல், உயிர் அ என்று அடைமொழி சேர்த்துச் சொல்லி வந்தனர், ஆகாரத்தையும் அவ்வாறே. அடைமொழியை விட்டு அ, ஆ என்று ஒலியை மாத்திரஞ் சொல்லப் பழக்குக என்று ஆசிரியரை வேண்டினார். இரண்டாவது, வங்க எழுத்துக்கே உரிய இடர். அங்கே சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்க்குப் புள்ளிபோன்ற குறியைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. தண்ணீரைக் குறிக்கும் ஜல் என்னுஞ் சொல்லையும் ஜ, ல என்னும் இரண்டு எழுத்தாலேயே எழுதுவர். ஈற்று லகரத்தை மெய்யாக ஒலிப்பர். நல்லது என்று பொருள்படுஞ் சொல்லும் அதே லகரத்தில் முடியும். அங்கே உயிர் சேர்த்து ஒலிப்பர். இதனை வழக்கறிந்தவர் அறிவரேயன்றிப் பிள்ளை எவ்வாறு அறியும்? ஆதலால் ஈற்றில் உயிர் ஒலிக்கவேண்டிய சொற்களின் பக்கத்திலே ஒரு நட்சத்திரக்குறி இட்டு, குறியில்லாதன மெய்யீறாக ஒலிக்கப்படும் என்று விதித்தார். அறுபது பதிப்புப் பெற்ற புத்தகத்தைக் குறையில்லாதது என்று எண்ணியிருத்தல் எவர்க்கும் இயல்பு. அவரோ பிள்ளைகள் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்று அதன்பின்னும் நோக்கினார்.

எம்மொழிக்குப் புள்ளி வாய்த்திருத்தலால் அவ்விடர் எமக்கில்லை. ஆயினும் கல் என்பதிலும், பகல் என்பதிலும், தங்கம் என்பதிலும் ககரம் ஒரே வகையாக ஒலிப்பதில்லை. கல்லிற் கற்ற ஒலியைப் பகலிலே வைத்துப் பிள்ளை கூட்டும்போது, தான் நாடோறும் பேசுஞ் சொல்லையே அறியாது மயங்கும். அவ்விடத்திலே பிள்ளையைக் கடிந்து பயன் என்னை? நட்சத்திரக்குறி இட்டவருடைய பொறுமையை அங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகத்தின் முகவுரையிலே அவர் கூறியது ஒன்று எம்முள் விவாதத்துக்கு இடமானது. கூட்டெழுத்துக்கு உதாரணமாகத் தந்த சொற்களை எழுத்துப் பிரித்து உச்சரிக்கக் கற்பித்தலே போதும்; அவற்றின் பொருளையும் உடன் கற்பிக்க முயலவேண்டா; முயன்றால் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பெருந்துன்பம் விளையும் என்றார். பொருளறியாத சொல் உயிரில்லாத சொல்லன்றோ என்று ஆசிரியர் சிலர் வினாவுவர். அவ்வினா நியாயமானதே. ஆயினும் அக்கூட்டெழுத்துச் சொற்கள் ஐக்கியம், வாக்கியம் போன்ற வடசொற்கள் என்பதை மறத்தலாகாது. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐக்கியம் என்பதன் பொருளை விளக்கப் புகுந்தால் அன்றைய வாசிப்புப் பாடம் போயிற்று. ஒரே வேளையில் இரண்டு சுமையை ஏற்றாமையே அவர் நோக்கம். ஓயாது சொற்களையே கூட்டிப் படித்தல் பிள்ளைக்குச் சலிப்பைத் தரும் என்பதையும் அம்முகவுரையிலே தாமே சொல்லி, அதன்பொருட்டே இடையிடையே விளங்கத்தக்க பாடங்களை வைத்தார். முதற்பாகத்திலும் நாட்டுப்புறப் பிள்ளை கேட்டறியாத வடசொற்கள் சில உண்டு. அதனை யாம் குறையென்றே சொல்லுவோம். பழகிய சொல்லைத் தானே ஒலித்து, அது இன்னதென்று திடீரெனக் கண்டுகொள்ளும்போது பிள்ளையின் முகத்திலே தோன்றும் மகிழ்ச்சி அச்சொற்களால் வராது.

முதற்பாகத்தின் ஈற்றிலே கோபாலன், இராகாலன் என்னும் இரண்டு சிறுவர் வருகின்றனர். கோபாலன் பெற்றோர் சொற்கேட்டு, தந்ததை உண்டு, நன்றாகப் படிப்பவன். இராகாலன் வழியெல்லாம் விளையாடிக் காலங்கழித்துப் பள்ளிக்குப் பிந்திச் செல்பவன். வங்காளத்திலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இவ்விருவர் பெயரையும் கேட்டே வளர்ந்தனர். தாகூர் 1895ஆம் ஆண்டிலே வித்தியாசாகரரைப் பற்றிப் பேசியபோது, கோபாலனை எழுதினவர் தம் இளமையிலே இராகாலனையே ஒத்திருந்தார் என்று நயம்படச் சுட்டினார். காளைக்கன்றின் கதையை நாம் முன்னே சொன்னோம்.

1857ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1858ஆம் ஆண்டு மே வரையில் அவர் முப்பத்தைந்து பெண்பாடசாலைகளைக் கிராமங்களிலே திறந்தார். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு பெண்பிள்ளைகள் சேர்ந்தனர். அரசினர் முதலில் இணங்கினாற்போலக் காட்டிப் பின்பு நிரந்தரமான பொருளுதவியை மறுத்துவிட்டனர். மேலதிகாரியோடும் பல காரியங்களில் மாறுபாடு முற்றியது. மாதம் ஐந்நூறு ரூபாச் சம்பளமுள்ள பதவியை அவர் 1858ஆம் ஆண்டிலே துறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. தம் கைப்பணத்தாலும் அன்பர் உதவியாலும் அப்பாடசாலைகளிற் சிலவற்றைத் தாங்கினார். உத்தியோகம் போனபின் அவரைத் தாங்கியது புத்தக வருவாய். அதிலும் பெரும்பகுதி ஏழை மாணாக்கருக்கும் கைம்பெண்களுக்கும் கடன்பட்ட நண்பருக்குமாகச் சென்றது. தாம் நடத்திய மெற்றோபொலிற்றன் வித்தியாசாலையிலே மாணாக்கரை அடித்தலாகாது என்று விதித்தார். 1872ஆம் ஆண்டிலே அது கல்லூரியாயிற்று.

இறுதிக்காலத்திலே நகரத்தாரோடும் உறவினரோடும் மனங்கசந்து, கர்மாட்டார் என்னும் இடத்திலே சாந்தாலர் என்னும் பழங்குடிமக்கள் நடுவே பலகாலம் வாழ்ந்து, அவர்களுக்கு மருந்து கொடுத்து வந்தார். 1891ஆம் ஆண்டு யூலை 29ஆந் தேதி கல்கத்தாவிலே தேகவியோகமானார். வர்ணபரிசயம் இன்றும் வங்காளத்திலே அச்சிடப்படுகின்றது. அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கியிருந்த ஏடுகளை மகனார் அவ்வாண்டிலேயே அச்சிட்டார். அதிலே பாட்டனாரின் காளைக்கன்றும், அம்மிக்கல்லும், தந்தையார் மறைத்த ஆறாங் கல்லும் இருக்கின்றன. முதற்புத்தகம் எழுதிய காலம் வருமுன்னே, கல்கத்தாவிற் கழித்த இளம்பிராயத்தோடு அவ்வரலாறு நின்றுவிட்டது.